மூன்று ரோபோக்களும் ஒரு மாஸ்டரும்

என் வீட்டுக்காரருக்கு எதையும் சட்டென்று வாங்கத் தெரியாது. பல் தேய்க்கிற பிரஷ் வாங்கப் போனால்கூட நாலைந்தை வரிசையாக வைத்து, கட்டைவிரலால் முள்ளை வளைத்து வளைத்துப் பார்த்து, கடைக்காரர் இரண்டு கொட்டாவி விட்ட பிறகுதான் ஒன்றைக் கையில் எடுப்பார். அதையும் வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்ப்பார். அவர் வேலை அப்படி. வால்வு செய்கிற தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். தலைமுடியில் பாதிக் கனம் கூடினாலும் குறைந்தாலும் சாமானைத் தூக்கி ஒரு பக்கம் போட்டுவிடுவார். அங்கே அவருக்கு மைக்ரோமீட்டர் என்று பட்டப்பெயர். வைத்தவர் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

அந்த மைக்ரோமீட்டர்தான் ஒருநாள் தானாக வாயைத் திறந்து ரோபோ வாங்குவோம் என்றார். நான் கேட்கவில்லை. அன்று காலை தரை துடைத்துக்கொண்டிருந்தவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தவள் குனிந்தபடியே நின்றேன். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மகள் ஓடிவந்து பிடித்துக் கட்டிலில் சாய்த்தாள். இவர் கட்டில் ஓரமாக வந்து நின்று, "இனிமே நீ தரைப் பக்கமே போகாதம்மா. ரோபோ ஒண்ணு வாங்கிடலாம். அதுவே பெருக்கும், அதுவே துடைக்கும், அதுவே போய் சார்ஜ் போட்டுக்கும். உசத்தியா ஒண்ணு பாக்கறேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் புத்தியை என்ன சொல்ல!

பார்க்க ஆரம்பித்தார். எட்டு மாதம் பார்த்தார். அந்த எட்டு மாதமும் தரையை நான்தான் துடைத்தேன்.

நீளக் கம்பு வைத்த மாப் இருக்கிறதே, குனியாமல் துடைக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறது, கதவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது. இவருக்குத் தூசி ஆகாது. தரையில் கொஞ்சம் தூசி தங்கினாலும் காலையில் எழுந்ததும் தும்ம ஆரம்பிப்பார், ஆரம்பித்தால் அக்கம்பக்கத்தில் ஜன்னலைச் சாத்துவார்கள். கம்பு மாப்பால் துடைத்தால் எத்தனை தும்மல், கையால் துணி போட்டுத் துடைத்தால் எத்தனை தும்மல் என்று கல்யாணமான புதிதிலேயே சோதித்துப் பார்த்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டார். துணிதான் ஜெயித்தது. அன்றிலிருந்து தினமும் காலையில், அவர் காபி குடிப்பதற்கு முன்னால், நான் வாளியும் துணியுமாகத் தரையில்.

சாப்பிடும்போதெல்லாம் ரோபோ பேச்சுதான்.

"ஒரு மாடல் லேசர் சுத்தி விட்டு வீட்டையே மேப் போட்டுடுதும்மா. இருட்டுலயும் கண்ணு தெரியும். ஆனா தலைல கொண்டை மாதிரி ஒண்ணு நீட்டிட்டு இருக்கு, சோபாக்கு அடில போகாது."

"சரி, அது வேணாம்."

"இன்னொண்ணு கேமரா. தட்டையா இருக்கு, சோபாக்கு அடில சுலபமா போயிடும். ஆனா சோபாக்கு அடில இருட்டா இருக்கும்ல, கேமராக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்ப ரெண்டுமே சோபாக்கு அடில துடைக்காது."

"அதத்தான் கம்பேர் பண்ணிட்டு இருக்கேன்" என்றார் பெருமையாக.

உறிஞ்சும் சக்தி எத்தனை பாஸ்கல், கம்பளத்தில் ஏறும்போது ஈரத் துணியை எவ்வளவு உயரம் தூக்கிக்கொள்கிறது, பிரஷ்ஷில் முடி சிக்குமா, நிலைப்படி தாண்டுமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் போட்டுக் கம்ப்யூட்டரில் நிரப்பிக்கொண்டே போனார். ஒரு கட்டம் நிரம்புவதற்குள் புது மாடல் வந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. எனக்கும் பழகிவிட்டது, காது இருக்கிறது, கேட்டுக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் அந்த வேலை வந்தது. நான் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் சாயங்காலம் மட்டும் முன் மேஜையில் உட்கார்கிறவள். முதுகுவலி, கழுத்துவலி என்று வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பேன். வருகிறவர்களில் பாதிப் பேரைவிட எனக்குத்தான் வலி அதிகம் என்பது வேறு விஷயம். ஒருநாள் டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார்.

"மாடியையும் கிளினிக்குக்கு எடுக்கப் போறேன். முழு நேரமா ஒருத்தர் எல்லாத்தையும் பொறுப்பா பாத்துக்கணும். எனக்கு உங்கள விட்டா ஆளில்ல. காலைல ஏழரைக்கு வந்து திறக்கணும், அவ்வளவுதான். மாசக் கடைசிக்குள்ள சொல்லிடுங்க, இல்லன்னா வெளில ஆள் பாக்கணும்."

எனக்குக் கை காலெல்லாம் ஜிவ்வென்றது. பொறுப்பாளர் என்று தனி அறை, தனி மேஜை, கதவில் பெயர்ப்பலகை. மகள் பிறந்தபோது விட்ட முழு நேர வேலை. இதற்காக எத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருப்பேன்! ஆனால் காலை ஏழரை என்றால் ஏழுக்கே கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் நான் வாளியோடு தரையில் இருப்பேன். இந்தத் தரைதான் குறுக்கே கிடந்தது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொல்லி, கடைசியில் குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். "இந்த மாசக் கடைசிக்குள்ள மெஷின் வந்தாகணும். உங்க கம்பேரிசன் முடிஞ்சாலும் சரி, முடியாட்டியும் சரி."

"தாராளமா போம்மா வேலைக்கு, நான் என்ன தடுக்கவா போறேன்?" என்றார் இவர். "கட்டம் போட்டுப் பாக்கறது போதாதுன்னு எனக்கே தோணிடுச்சு. நேர்ல சோதிச்சுடலாம். அந்தப் பெரிய ஷோரூம்ல வீட்டுக்கே கொண்டு வந்து கொடுத்து, வச்சுப் பாத்துட்டுப் பிடிக்கலைன்னா எடுத்துக்கறாங்களாம். மூணு கம்பெனி, மூணுலயும் மேல் மாடல். ஒரே சமயத்துல கொண்டு வரச் சொல்றேன்."

"ஏன் மூணும் ஒரே சமயத்துல?"

"ஒண்ணொண்ணா வந்தா காத்துல ஈரப்பதம் மாறிடும்."

மூன்றும் வந்தன. சும்மா வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக், அதாவது அது போய் நின்று சார்ஜ் ஏற்றிக்கொள்கிற பெட்டி. நல்ல தண்ணீர்த் தொட்டி ஒன்று, அழுக்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்று, தூசிப் பை ஒன்று என்று ஒவ்வொரு பெட்டியும் அரை ஆள் உயரம். ஹாலில் மூன்று விருந்தாளிகள் சுவரோரமாக நிற்கிற மாதிரி இருந்தது. அவர்களுக்கு இடம் விட்டுச் சாப்பாட்டு நாற்காலிகள் எங்கள் கட்டிலில் ஏறின. மிதியடிகள் பீரோவுக்கு மேலே போயின. தரையில் ஒயர் கிடக்கக் கூடாது, பொம்மை கிடக்கக் கூடாது, செருப்பு கிடக்கக் கூடாது. மெஷின் வேலை செய்ய வசதியாக வீட்டை ஒழித்துக் கொடுத்தது யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

மகள்தான் பெயர் வைத்தாள். லேசர் கொண்டை இருந்தது தொப்பி. கேமரா வைத்த தட்டை ஆசாமி தோசைக்கல். மூன்றாவதுக்கு மகாராணி. அது வேலையை முடித்துவிட்டு டாக்குக்குள் போனதும் அதன் துணிகளை வெந்நீரில் அலசி, சூடான காற்றில் காய வைத்து, வயிற்றிலிருக்கும் தூசியையும் டாக்கே உறிஞ்சி எடுத்துவிடும். மூலை வந்தால் ஒரு கையை நீட்டித் துடைக்குமாம். பேசவும் செய்தது.

முதல் நாளே வேலையின் நடுவில் நின்று, "தண்ணீர்த் தொட்டி காலியாக உள்ளது. தயவுசெய்து நிரப்பவும்" என்றது, தேன் ஒழுகுகிற குரலில். இவர் போட்டது போட்டபடி எழுந்து ஓடினார். தொட்டியைக் கழற்றி, நிரப்பி, வெளிப்பக்கத்தைத் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டு, "இப்ப சரியா?" என்று அதைக் கேட்கவும் கேட்டார். நான் கையில் வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷம். ஒரு வாளித் தண்ணீர், ஒரே ஒரு வாளி, மாற்றிக் கொடுத்திருப்பாரா இந்த மனிதர்?

"என்ன முறைக்கற?" என்றார்.

"ஒண்ணுமில்ல. குரல் நல்லா இருக்கேன்னு பாத்தேன்."

சோதனைக்கென்று தனி அழுக்கு தயாரானது. மைதா, காபித்தூள், சர்க்கரை, காய்ந்த ஜாம், மகளின் சீப்பிலிருந்து எடுத்த முடி. எல்லாவற்றையும் தராசில் நிறுத்து, ஹாலில் சாக்பீஸால் கட்டம் போட்டுத் தூவினார். அதற்கு முன்னால் தரை சுத்தமாக இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் பழைய அழுக்கு புது அழுக்கோடு கலந்து கணக்கு கெட்டுவிடுமாம். ஆகவே தொப்பி ஓடுவதற்கு முன்னால் நான் துடைத்தேன். தோசைக்கல் ஓடுவதற்கு முன்னால் நான் துடைத்தேன். மகாராணி பவனி வருவதற்கு முன்னால் நான் துடைத்தேன். என் இடுப்பைக் காப்பாற்ற வந்த மூன்று பேருக்காக வழக்கத்தைவிட மூன்று மடங்கு குனிந்தேன். கேட்டால், "இந்த ஒரு வாரம்தானேம்மா, அப்பறம் ஜென்மத்துக்கும் குனிய வேணாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தேன்.

தொப்பி வீட்டை அழகாக மேப் போட்டது. சோபா ஓரத்தில் போய்க் கொண்டையை முட்டிக்கொண்டு நின்று உதவி கேட்டது. தோசைக்கல்லுக்கு எதையும் பார்த்தவுடன் இன்னதென்று அடையாளம் கண்டு விலகிப் போகத் தெரியும். இவர் கழற்றிப் போட்ட கறுப்பு சாக்ஸைப் பார்த்ததும் மரியாதையாக ஒரு முழம் தள்ளிச் சுற்றிக்கொண்டு போய்விட்டு, போனில் படத்தோடு செய்தி அனுப்பியது. நாயோ பூனையோ அசிங்கம் பண்ணிவைத்திருக்கிறது, கவனிக்கவும் என்று. மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அந்த மெஷினை ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஆனால் வேலை என்று பார்த்தால் மகாராணிதான் கெட்டிக்காரி. கட்டிலுக்கு அடியில் போனாள், மூலையில் கை நீட்டினாள், முடி சிக்கவில்லை. சரி, இவள்தான் என்று நான் மனதுக்குள் முடிவே பண்ணி, டாக்கை எந்தச் சுவரோரம் நிரந்தரமாக வைக்கலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

அதோடு விட்டிருந்தால் இவர் மைக்ரோமீட்டர் ஆவாரா?

"மாஸ்டர் இல்லாம எப்படிம்மா முடிவு பண்றது?" என்றார்.

"மாஸ்டரா?"

"எங்க பேக்டரில எதையும் சும்மா அளக்க மாட்டோம். மாஸ்டர் பீஸ்னு ஒண்ணு இருக்கும், துளி பிசகு இருக்காது. அத வச்சுத்தான் மத்த எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பாப்போம். தங்கம் மாதிரி வச்சிருப்போம் அத. வெல்வெட் பெட்டில, எண்ணெய் தடவி, ஏசி ரூம்ல. லைன்ல வேலைக்குப் போடவே மாட்டோம். போட்டா தேஞ்சுடும், அப்பறம் எத வச்சு அளக்கறது?" கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தார். "தரை விஷயத்துல இந்த வீட்டுக்கு நீதான் மாஸ்டர். அதே அழுக்கு, அதே கட்டம். நீ ஒரு தடவ துடைச்சுக் காமி. அது பக்கத்துல மூணு மெஷினையும் வச்சுப் பாத்துட்டு, எது கிட்ட வருதோ அத எடுத்துடலாம்."

சனிக்கிழமை காலை, மாஸ்டர் சோதனை. நான் என்ன நினைத்திருந்தேன் தெரியுமா? சுமாராகத் துடைப்பது, இரண்டு மூலையை விட்டுவிடுவது, மகாராணி ஜெயிப்பாள், நான் வேலைக்குப் போவேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. எழுந்து வாளியில் தண்ணீர் பிடிக்கும்போது நாத்தனார் வந்துவிட்டார்.

இவருடைய அக்கா. மேல் வீட்டில் இருக்கிறார். அம்மா போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவர், அந்தப் பாசம் இன்னும் குறையவில்லை. தினமும் காலையில் இறங்கி வந்து தம்பி முகத்தைப் பார்த்துவிட்டுப் போனால்தான் அவருக்குப் பொழுது விடியும். வந்தால் சோபாவில் உட்கார்ந்துகொள்வார். நான் துடைத்துக்கொண்டே சோபாப் பக்கம் வரும்போது இரண்டு காலையும் அழகாகத் தூக்கிக்கொள்வார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்லவே கூடாது, பதினாறு வருஷமாக ஒருநாள்கூடத் தூக்காமல் இருந்ததில்லை.

அன்றும் உட்கார்ந்தார். மூன்று மெஷின்களையும் மேலும் கீழும் பார்த்தார். "மெஷின் நல்லாத்தான் துடைக்குதுடா தம்பி. பரவால்ல, வாங்கு. என்ன இருந்தாலும் கை வேலைல அங்கங்க விட்டுத்தான் போகும். நானும் தினம் பாக்கறேன்ல? வாயத் தொறந்து சொல்றதில்ல, அவ்வளவுதான்."

எனக்குச் சுருக்கென்றது. உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

விட்டுப் போகுமா? என் கையிலா? தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டேன். கையை மடித்து விட்டுக்கொண்டேன். பழைய பல் பிரஷ் ஒன்றை எடுத்து வந்தேன். காய்ந்த ஜாமை முதலில் ஈரத் துணி போட்டு ஊறவைத்தேன், எந்த மெஷினுக்கும் அந்தப் பொறுமை கிடையாது. மூலைகளைப் பிரஷ்ஷால் தேய்த்தேன். சோபாவுக்கு அடியில் படுத்துக்கொண்டு துடைத்தேன். நாத்தனாரின் கால்களுக்கு அடியில் இரண்டு முறை துடைத்தேன், தூக்கிய காலை இறக்க விடவில்லை. மகள் கதவோரத்தில் நின்று கண்ணால் ஜாடை காட்டிக்கொண்டே இருந்தாள். வேண்டாம்மா, போதும்மா என்று. யார் பார்த்தார்கள் அதையெல்லாம்? தரையில் என் முகம் தெரிந்தது. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது அந்தத் தரை.

இவர் வெள்ளைப் பஞ்சுத் துணியை எடுத்துத் தரையில் அழுத்தித் தேய்த்துத் தூக்கிப் பிடித்தார். ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார். இன்னொரு கட்டத்தில் தேய்த்தார். நிலைப்படி இடுக்கில் தேய்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது.

"ஒரு பொட்டு இல்ல!" என்றார். குரலே மாறிவிட்டது. "மகாராணி துடைச்சதுக்கப்பறம்கூட லேசா பழுப்பு இருந்தது. இது சுத்த வெள்ளை. முனகல் சத்தம் மட்டும்தான் மெஷினவிட உனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி."

நாத்தனாரே கை தட்டினார். "என் தம்பி பொண்டாட்டி கை வேலைக்கு முன்னாடி எந்த மெஷினும் நிக்க முடியாது. கொடுத்து வச்சவன்டா நீ!"

பதினாறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, அதை மறைக்க மாட்டேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தேன்.

இவர் மூன்று டாக்குகளின் பிளக்கையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

"ஏங்க பிடுங்கறீங்க?"

"மூணும் ரிஜெக்ட்மா. மாஸ்டர் கிட்டகூட வரல. மாஸ்டரவிட மோசமான பீஸ நான் எப்படி அப்ரூவ் பண்ணுவேன்? சாயங்காலமே வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லிடறேன்."

"அப்ப என் வேலை?"

"போயேன்! நான் வேணாம்னா சொன்னேன்? நாலரைக்கு எழுந்தேன்னா நிதானமா துடைச்சு முடிச்சு ஏழுக்குக் கிளம்பிடலாம். உன் கைக்கு அது ஒரு பெரிய வேலையா?"

நாத்தனார் தலையாட்டினார். "அதானே!"

நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மெஷினிடம் தோற்றால் வேலை கிடைக்கும் என்று தெரிந்தும் ஜெயித்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன், அதுவும் மூலை முடுக்கு விடாமல்.

மகள் பின்னாலேயே வந்து குழாயை மூடினாள். "ஏம்மா அவ்வளவு நல்லா துடைச்ச?"

"உங்க அத்தை சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. அதுக்கு?"

"அதுக்குத்தான்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா மாஸ்டர்னு சொன்னதும் மயங்கிட்டம்மா நீ. வெல்வெட் பெட்டில வச்சு எண்ணெய் தடவுவாங்கன்னு நெனச்சியா?"

எனக்குப் பொறி தட்டியது. முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஷோரூம் ஆட்கள் வந்து மூன்று பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். கட்டிலிலிருந்த நாற்காலிகளை இறக்கி மேஜையைச் சுற்றிப் போட்டேன். இவர் நிம்மதியாக வந்து சாப்பிட உட்கார்ந்தார். அவர் எதிரிலேயே போனை எடுத்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.

"டாக்டர், நான் வர்றேன். திங்கக்கிழமைலேர்ந்து, காலை ஏழரைக்கு, முழு நேரம். சந்தேகமே இல்ல."

போனை வைத்தேன். "நல்லதும்மா, சந்தோஷம்" என்றார் இவர். "அலாரம் நாலரைக்கு வச்சுடட்டுமா?"

"உங்களுக்கு எத்தனை மணிக்கு எழுந்தா வசதியோ அத்தனை மணிக்கு வச்சுக்கோங்க."

"எனக்கு எதுக்கு?"

"மாஸ்டர் பீஸ லைன்ல வேலைக்குப் போடுவீங்களா?"

அவர் யோசிக்கவே இல்லை. வேலை விஷயம் என்றால் பதில் தானாக வந்துவிடும். "எப்படிப் போடுவோம்? தேஞ்சுடுமே."

"நான்தானே மாஸ்டர்? நீங்களே சோதிச்சு, உங்க அக்கா முன்னாடி சொன்னீங்க. இன்னையோட நான் பெட்டிக்குள்ள போறேன். நாளைலேர்ந்து தரை உங்களோடது. துடைச்சுட்டுக் கூப்பிடுங்க, வெள்ளைத் துணி போட்டு நான் பாக்கறேன்."

வேறு யாராவது என்றால் விளையாடாதே என்று சிரித்து மழுப்பியிருப்பார்கள். இவரால் முடியாது. சொந்த வாயால் சொன்ன விதியை மீறினால் மைக்ரோமீட்டருக்குத் தூக்கம் வராது. மகள் தட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாளி அவர் கைக்குப் போனது. நான் சோபாவில் உட்கார்ந்தேன். காபி டம்ளரோடு உட்கார்ந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மனிதர் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார். துணியைப் பிழியத் தெரியவில்லை, தரை குளமாயிற்று. வெள்ளைத் துணியைப் போட்டு எடுத்தேன், கறுப்பு. அவரிடம் காட்டினேன். திரும்பத் துடைத்தார். மறுபடி போட்டேன், பழுப்பு. முட்டி போட்டு, மூக்கு தரையில் படுகிற மாதிரி குனிந்து துடைக்க, தூசி நேராக மூக்குக்குள் போய்த் தும்மல் பிடித்துக்கொண்டது. தும்மும்போது ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு... தினமும் இங்கதான் வலிக்குமா?" என்று கேட்டார், விலா எலும்புக்குக் கீழே தொட்டுக்காட்டி.

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றேன்.

அவர் என்னவோ சொல்ல வந்தார். அதற்குள் வாசலில் நாத்தனாரின் குரல்.

"அடப்பாவி! என்னடா இது கோலம்?"

வாளி, ஈரத் துணி, முட்டி போட்ட தம்பி, சோபாவில் காபியோடு நான். ஒரே பார்வையில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். முகம் வெளிறிவிட்டது. உண்மையிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. "எந்திரிடா. மொதல்ல எந்திரி. இப்படிக் குனிஞ்சா இடுப்பு என்னத்துக்குடா ஆகும்?" கையைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். தம்பியின் முதுகைத் தேய்த்துவிட்டார். கைப்பையை எடுத்துவரச் சொல்லி மகளை மேலே அனுப்பிவிட்டு, அது வந்ததும் விறுவிறுவென்று படியிறங்கிப் போனார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் திரும்பி வந்தார். பின்னாலேயே ஷோரூம் ஆட்கள் இரண்டு பேர். நேற்று தூக்கிக்கொண்டு போன அதே ஆட்கள், அதே மகாராணி. முன்பே நான் மனதில் குறித்து வைத்திருந்த அதே சுவரோரம் கொண்டுவந்து டாக்கை வைத்துப் பிளக்கைச் செருகினார்கள். "நான் சுத்தம் செய்யத் தொடங்குகிறேன்" என்று அறிவித்துவிட்டு அவள் கிளம்பினாள்.

எட்டு மாதம். லேசரா கேமராவா, பாஸ்கல் எத்தனை, கொண்டை முட்டுமா முட்டாதா. எல்லாம் அப்படியே நிற்க, மெஷின் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. இவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளுக்குத்தான் ஆர்வம் தாங்கவில்லை. "அத்தை, அவ்வளவு பெரிய கடைல எப்படி அத்தை இத செலக்ட் பண்ணீங்க? என்னென்ன பாத்தீங்க?"

"என்னத்தப் பாக்கறது?" நாத்தனார் சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "என் தம்பி குனியக் கூடாதுன்னு சொன்னேன். கடைக்காரர் இத எடுத்துக் குடுத்தாரு."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாளை ஏழு மணிக்குக் கிளம்பலாம், ஏழரைக்குக் கதவைத் திறக்கலாம். ஆனால் இந்த சோபாவுக்கு முன்னால் இதே தரையில் நான் குனிந்த காலைகளை எண்ணிப் பார்த்தால் எங்கே போய் நிற்கும்? அத்தனை காலையிலும் நாத்தனார் இங்கேதான் உட்கார்ந்திருந்தார். என் இடுப்பு இந்தக் கண்ணுக்கு ஒருநாள்கூடத் தெரியவில்லை.

மகாராணி சோபாப் பக்கம் வந்தாள். நாத்தனார் பழக்கப்படி இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். நானும் தூக்கிக்கொண்டேன். இரண்டு பேரும் காலை நீட்டியபடி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மெஷின் எங்களுக்குக் கீழே போய்த் துடைத்துவிட்டு வெளியே வந்தது.

"பாத்தியா," என்றார் நாத்தனார் என் காதருகே குனிந்து, "இத முன்னாடியே வாங்கியிருந்தா பாவம், அவன் குனிஞ்சிருக்கவே வேணாம்."